கூடாரமும் திரையும்: இடைக்காலத் துருக்கியரிடையே பெண்டிர் உரிமை

தில்லியின் அரியணையில் அமர்ந்த இரசியாவைப் பற்றி நம் பள்ளி வரலாற்று நூல்கள் இரண்டு பத்தி எழுதி முடித்துவிடுகின்றன. கி.பி. 1236இல் பட்டமேற்றார், திரையை நீக்கி, ஆடவர் உடை பூண்டு, யானைமீது அமர்ந்து மக்கள் காண உலா வந்தார், 1240இல் கொல்லப்பட்டார். அவ்வளவே. "ஆண்மக்கள் இருக்கும்போது மகளை ஏன் வாரிசாக்கினார் அந்தத் தந்தை?" என்று வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டால், ஆசிரியர் தரக்கூடிய விடை அந்நூல்களில் இல்லை.

இரசியாவின் காலத்திலேயே வாழ்ந்து, காதியாகவும் பணிபுரிந்த மின்ஹாஜ் என்னும் வரலாற்றாசிரியர் ஒரு செய்தி கூறுகிறார். சுல்தான் இல்துத்மிஷ் தம் மகளை வாரிசாக அறிவித்து ஆணை எழுதச் சொன்னபோது அரசவையினர் தயங்கினர். சுல்தானோ, தம் ஆண்மக்கள் இளமைக் களிப்பில் ஆழ்ந்து கிடப்பவர்கள் என்றும், நாட்டை ஆளும் தகுதி மகளுக்கே உண்டு என்றும் விடையிறுத்தாராம். அதே மின்ஹாஜ், அரசர்க்குரிய நற்குணங்களை எல்லாம் இரசியாவின்மேல் ஏற்றி அடுக்கிக்கொண்டே போய், ஆணாகப் பிறவாமையால் இக்குணங்களால் விளைந்த பயன் யாது என்று ஏக்கத்தோடு முடிக்கிறார். தந்தையின் சொல்லுக்குப் பின்னால் ஒரு மரபு நிற்கிறது. காதியின் சொல்லுக்குப் பின்னால் வேறொரு மரபு நிற்கிறது. இவ்விரண்டும் எவை, அவற்றிடையே அகப்பட்ட பெண்ணுக்குக் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

துருக்கியர் என்றவுடன் இன்றைய துருக்கி நாட்டை மட்டும் எண்ணிவிடலாகாது. இடைக்காலத்தில் மங்கோலியாவின் ஓர்கோன் ஆற்றங்கரை முதல் வோல்கா ஆறும் கருங்கடலும் வரை பரந்த புல்வெளியில் குதிரையும் ஆடும் மேய்த்துத் திரிந்த பல குலங்களுக்கும் அது பொதுப்பெயர். தெங்ரி எனப்பட்ட வானத்தை அவர்கள் வழிபட்டனர். புத்தத்தையும் மானி சமயத்தையும் கிறித்தவத்தையும் தழுவியோரும் அவர்களுள் இருந்தனர். 10ஆம் நூற்றாண்டு முதல் பெருந்தொகையினர் இசுலாத்தைத் தழுவினர். முன்னோர் வகுத்த வழக்கத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'தோரு' என்பது. மலாயாவில் வாழும் நமக்கு இந்நிலை புதிதன்று. மலாய் மக்கள் தம் வழக்கத்தை 'அடாட்' என்றும், மார்க்கச் சட்டத்தை 'ஹுக்கும் ஷரா' என்றும் வேறுபடுத்தி வழங்குவதை நாம் நாளும் கேட்கிறோம். 'ஆதா' என்னும் அரபுச் சொல்லே இங்கு 'அடாட்' ஆயிற்று. அதே சொல் துருக்கியர் நாவிலும் 'ஆதெத்' என வழங்குகிறது.

கல்லில் எழுதிய தாய்

துருக்கியர் தம் மொழியிலேயே பொறித்துவைத்த மிகப் பழைய சான்றுகளுள் தலையாயவை ஓர்கோன் கல்வெட்டுகள். டேனிய அறிஞர் வில்லெம் தாம்சன் 1893இல் அவற்றின் எழுத்தைப் படித்து உலகுக்கு அளித்தார். கி.பி. 732இல் நட்ட ஒரு கல்லில், பில்கே ககான் என்னும் பேரரசன் தன் தம்பி குல் தெகினை நினைந்து பேசுகிறான். தெங்ரி தன் தந்தை இல்தெரிஷ் ககானை மட்டும் உயர்த்தியதாக அவன் சொல்லவில்லை. தந்தையையும் தாய் எல் பில்கே காத்தூனையும் சேர்த்தே உயர்த்தியதாகச் சொல்கிறான். தந்தை இறந்தபோது குல் தெகினுக்கு வயது 7. அச்சிறுவன் ஆடவன் என்று பெயர் பெற்றது, உமாய் என்னும் தாய்த்தெய்வத்தை ஒத்த தன் அன்னையின் நற்பேற்றினால் என்று கல் கூறுகிறது. ஒரு கைம்பெண்ணைத் தெய்வத்தோடு ஒப்பிட்டு, அரசாணை போலக் கல்லில் வெட்டி வைத்த சமுதாயம் இது.

இவ்வளவில் நின்றுவிட்டால் புல்வெளிப் பெண் கட்டற்ற உரிமையோடு வாழ்ந்தாள் என்று எழுதிவிடலாம். எழுதியோரும் பலர். ஆனால் அதே கல்லை மேலும் படிக்க வேண்டும். பகைவர் வந்து பாசறையைத் தாக்கியபோது குல் தெகின் வெண்குதிரை ஏறி ஒன்பது பேரைக் குத்தி வீழ்த்தி அதனைக் காத்தான். அவன் இல்லாதிருந்தால், என் தாயும் சிற்றன்னையரும் மருமக்களும் இளவரசியரும் உயிரோடு எஞ்சியிருந்தால் அடிமைகளாகியிருப்பர், மாண்டிருந்தால் வழியில் பிணமாகக் கிடந்திருப்பர் என்கிறான் அண்ணன். (பாசறைக்கு அவர்கள் வழங்கிய சொல் 'ஒர்து', நாம் அறிந்த உருது மொழியின் பெயர் அதிலிருந்து வந்ததே.) தெய்வத்தை ஒத்த தாய், ஒரு போரில் தோற்றால் கொள்ளைப்பொருள். இரண்டும் ஒரே கல்லில் இருக்கின்றன.

இக்குலங்களின் சட்டத்தைச் சீன வரலாற்று நூல்கள் சுருக்கமாகக் குறித்துவைத்துள்ளன. பிறன் மனைவியைக் கெடுத்தவனுக்கு மரண தண்டனை. மணமாகாத பெண்ணைக் கெடுத்தவன் பெரும்பொருள் தண்டமாகக் கொடுத்து, அப்பெண்ணையே மணக்க வேண்டும். சண்டையில் ஒருவன் கண்ணை மற்றவன் ஊறுபடுத்தினால், ஊறு செய்தவன் தன் மகளைக் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். மகள் இல்லையேல் மனைவியின் பொருளைக் கொடுக்க வேண்டும். கை கால் முறிந்தால் குதிரை கொடுத்தால் போதும். இச்சட்டத்தை நான் முதன்முதல் படித்தபோது 'கண்ணுக்கு மகள்' என்பதிலேயே மனம் நின்றுவிட்டது. இரண்டாம் முறை படித்தபோதுதான் 'மனைவியின் பொருள்' என்னும் சொல் கண்ணில் பட்டது. மனைவிக்கெனத் தனிப்பொருள் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. அப்பொருளைக் கணவனின் குற்றத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கும் இதுவே சான்று.

அப்பொருள் எவ்வாறு வந்தது? 1070களில் பாக்தாதில் துருக்கிமொழி அகராதி ஒன்றைத் தொகுத்த மஹ்மூது கஷ்காரி, மணமகன் வீட்டார் கொடுப்பதற்குக் 'கலிங்' என்றும், மணமகள் கொண்டுவருவதற்குச் 'செப்' என்றும் சொற்கள் தருகிறார். முன்னது நம் பரிசம். பின்னது நம் சீர். புல்வெளியில் பரிசம் என்பது ஓர் ஆடவன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதன்று. தந்தையும் சிற்றப்பனும் தமையனும் தத்தம் மந்தையிலிருந்து கால்நடைகளைப் பிரித்துக் கூட்டிச் சேர்ப்பது. ஆகவே மருமகள் ஒரு வீட்டுக்கு வந்தவள் அல்லள். ஒரு குலத்துக்கு வந்தவள். கணவன் மாண்டால் அவளும் அவள் கூடாரமும் சீரும் பிள்ளைகளும் அக்குலத்திலேயே நிற்க வேண்டும். இதனால்தான், தந்தை இறந்தால் மகன் தன் மாற்றாந்தாயையும், தமையன் இறந்தால் தம்பி அண்ணியையும் மணப்பது அவர்கள் வழக்காயிற்று. சீன நூல்கள் இதனை அருவருப்போடு எழுதுகின்றன. அருவருப்பு நமக்கும் தோன்றலாம். எனினும், பனிக்காலத்தில் துணையில்லாக் கூடாரம் ஒரு மாதம் தாங்காத நிலத்தில், கைவிடப்படுவதற்கும் குலத்துள் மறுபடி மணம் கொள்வதற்கும் இடையே வேறு வழி அவளுக்கு இருந்ததா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாக்தாதிலிருந்து வந்த தூதர்

இவ்வழக்கமும் மார்க்கச் சட்டமும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு காட்சி நமக்குக் கிடைத்திருக்கிறது. கலீபா முக்ததிர், வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த புல்கார் அரசனுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். 921ஆம் ஆண்டு ஜூனில் பாக்தாதை விட்டுப் புறப்பட்ட அக்குழு, மறு ஆண்டு மே மாதம் அவ்வரசனை அடைந்தது. குழுவில் இருந்த இப்னு பத்லான், மார்க்கச் சட்டம் நன்கறிந்தவர். கண்டதை அப்படியே எழுதும் பழக்கம் உடையவர்.

வழியில் ஓகூஸ் துருக்கியர் கூடாரங்களில் தங்கினார். பெண்கள் ஆடவர் முன் முகம் மறைக்கவில்லை. ஒரு வீட்டில் விருந்தினர் முன்னிலையில் மனைவி தன் ஆடை விலகுவதைப் பற்றிக் கவலையின்றி இருக்கவே, அரபுத் தூதர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு இறைவனிடம் மன்னிப்பு வேண்டினர். கணவன் சிரித்தான். மறைத்துவைத்துப் பறிகொடுப்பதைவிட, மறைக்காமல் காத்துக்கொள்வது மேல் என்று மொழிபெயர்ப்பாளன் வாயிலாகச் சொல்லியனுப்பினான். அவர்களிடையே பிறர்மனை நயத்தல் என்பதே இல்லை என்றும், அக்குற்றம் செய்தவன் அகப்பட்டால் இரு மரங்களை வளைத்துக் கட்டிக் கிழித்துவிடுவர் என்றும் இப்னு பத்லான் எழுதுகிறார். பரிசமாகக் குவாரிசம் நாட்டு ஆடைகளும் ஒட்டகங்களும் கால்நடைகளும் கொடுப்பதையும், தந்தை இறந்தால் மூத்த மகன் தன்னைப் பெறாத சிற்றன்னையை மணப்பதையும் குறிக்கிறார்.

புல்கார் நாட்டை அடைந்ததும் அவர் கண்டது வேறு. அரசனின் அருகில் அரசி அமர்ந்திருந்தாள். இதுவே இவர்கள் வழக்கம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, எல்லார் முன்னிலையிலும் அவளுக்குப் பட்டாடை போர்த்தியதையும், பிற பெண்கள் அவள்மீது வெள்ளிக்காசு சொரிந்ததையும் விரிக்கிறார். ஆற்றில் ஆணும் பெண்ணும் ஒன்றாக ஆடையின்றி நீராடுவதைக் கண்டு, பெண்கள் தம்மை மறைத்துக்கொள்ளச் செய்ய இடையறாது முயன்றும் முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

அவர் தலையிட்ட இன்னொன்று உண்டு. ஒருவன் இறந்தால் அவன் சொத்து மகனுக்கு முன்னே உடன்பிறந்தானுக்குச் செல்வது அந்நாட்டு வழக்கு. இது கூடாது என்று அரசனிடம் சொல்லி, மார்க்கத்தின்படி யார் யாருக்கு என்ன பங்கு என்பதை அவன் உணரும்வரை விளக்கினாராம். அந்தப் பங்கு முறையில் பெண்கள் இருக்கின்றனர். பிள்ளைகள் உள்ள கைம்பெண்ணுக்கு எட்டில் ஒன்று, இல்லாதவளுக்கு நான்கில் ஒன்று, மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு என்று அளவோடு வகுக்கப்பட்டது அது. அரசனருகே அமர்ந்திருந்த அந்த அரசியின் கணவன் அன்று இறந்திருந்தால், பழைய வழக்கின்படி சொத்து அவன் தம்பிக்குப் போயிருக்கும். அவளுக்கு இருக்கை இருந்தது, பங்கு இல்லை. அவளை மூடிக்கொள்ளச் சொல்லும் சட்டமே அவளுக்குப் பங்கும் தருகிறது. இருக்கையைக் கண்டு வியப்பவர்கள் பங்கைப் பற்றிப் பேசுவதில்லை. பங்கைப் புகழ்பவர்கள் இருக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் வரலாறு விளங்கும்.

ஓர் உயில்

அரசியரை விட்டுச் சாதாரண மக்களிடம் வருவோம். கிழக்கே துர்பான் பாலைநகரங்களில் உய்குர் துருக்கியர் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தர். அங்கு மணலின் வறட்சியால் அழியாமல் நின்ற 13, 14ஆம் நூற்றாண்டுக் கொடுக்கல் வாங்கல் முறிகள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று ஒரு குடும்பத் தலைவன் நோயுற்றுப் படுத்தபோது எழுதிய உயில். தான் பிழைக்காவிடில் தன் மனைவி வேறு கணவனை நாடாது வீட்டை ஆண்டு, சிறுவனாகிய மகனை வளர்க்க வேண்டும் என்கிறான். அடுத்து, மூத்த பிள்ளைகள் இருவரைப் பெயர் சொல்லி விளித்து, இவள் எங்கள் மாற்றாந்தாய், எங்களுக்கு உரியவள், நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் சொல்லக்கூடாது என எழுதுகிறான். மீறினால் தண்டம் கட்டவேண்டும்.

எவ்வளவு செய்தி இச்சிறு முறியில்! மாற்றாந்தாயை மகன் மணப்பது வெறும் பழங்கதை அன்று என்பது தெரிகிறது. எழுதித் தடுக்காவிட்டால் நடந்துவிடும் என்று கணவனே அஞ்சியிருக்கிறான். அவ்வழக்கத்தை எல்லாரும் மனமுவந்து ஏற்கவில்லை என்பதும் தெரிகிறது. தடுப்பதற்கு ஓலையும் சாட்சியும் தண்டமும் போதும் என்ற நம்பிக்கையும் தெரிகிறது. வீட்டை ஆளும் உரிமை மனைவிக்குக் கிடைக்கிறது. ஆனால் மறுமணம் செய்துகொள்ளும் உரிமை அதே வரியில் பறிபோகிறது. அவள் என்ன விரும்பினாள் என்பதை எழுதுவோன் கேட்கவில்லை.

மார்க்கம் கொடுத்ததும் திரை எடுத்ததும்

இசுலாமியச் சட்டம் கைம்பெண் நிலையில் செய்த மாற்றம் பெரிது. தந்தையின் மனைவியை மகன் மணப்பதைத் திருக்குர்ஆன் வெளிப்படையாகத் தடுத்தது. கணவன் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து, அதன்பின் அவள் தானே வேறு மணம் நாடலாம். மகர் என்னும் மணக்கொடை, தந்தைக்கோ குலத்துக்கோ அன்றி மணமகளுக்கே உரியது. அவள் பொருள் கணவன் பொருளோடு கலவாது. துருக்கியரில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றிய ஹனபி நெறி, வயது வந்த பெண் தன் திருமணத்தைத் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றும் இடம் கொடுத்தது. வழக்கத்தில் அவள் ஒரு குலத்தின் பொருளாக இருந்தாள். சட்டத்தில் ஒப்பந்தம் செய்யும் தனி ஆள் ஆனாள்.

சட்டம் இருந்தால் அதனைச் சுற்றிச்செல்லும் வழியும் இருக்கும். 1295இல் ஈரானை ஆண்ட மங்கோலிய அரசன் காசான் இசுலாத்தைத் தழுவினான். அவன் படையில் துருக்கியர் மிகுதி. தன் தந்தை அர்கூனின் மனைவியாயிருந்த புலுகான் காத்தூனை அவன் மணந்திருந்தான். புதிய மார்க்கம் இதனைத் தடுக்கிறது என்று கேட்டதும் மார்க்கத்தையே கைவிடத் துணிந்தானாம். அப்போது ஒரு சட்ட அறிஞர், உன் தந்தை இசுலாமியன் அல்லன், ஆதலால் அவன் செய்த திருமணம் சட்டப்படி திருமணமே அன்று, ஆகவே தடையும் இல்லை என்று வழிகாட்டினார் என ஓர் அரபு நூலாசிரியர் எழுதுகிறார். எந்தச் சட்டத்திலும் வல்லவர்க்கு ஒரு வாயில் திறந்தே இருக்கிறது.

இனித் திரையைப் பற்றி. திரை அரபு நாட்டிலிருந்து வந்தது, துருக்கியன் மனத்தில் அஃது இல்லை என்று சிலர் முடிவுகட்டுகின்றனர். 1069–70இல் பாலாசாகூன் ஊரினராகிய யூசுப், கஷ்கார் அரசனுக்குப் படைத்த 'குத்தத்கு பிலிக்' என்னும் நூல் அம்முடிவை மறுக்கிறது. துருக்கி மொழியில் ஒரு துருக்கியர் எழுதிய அறநூல் அது. பெண்மகவு பிறவாதிருத்தலே நன்று என்றும், பிறந்தால் விரைவில் மணம்முடித்துவிடு என்றும், பெண்களை வீட்டுக்குள்ளேயே வை என்றும் அஃது அறிவுரை கூறுகிறது. புல்வெளியை விட்டு மதில்சூழ் நகருக்குள் குடியேறியவன் பேச்சு இது. கூடாரத்தில் பால் கறப்பவளும் கம்பளம் நெய்பவளும் வண்டி கட்டுபவளும் பெண்ணே. அவளை உள்ளே வைத்தால் மந்தை அழியும். நகரத்துச் செல்வன் வீட்டில் அவ்வேலைகளை அடிமைகள் பார்த்துக்கொள்வர்.

1091ஐ ஒட்டி, செல்ஜுக் பேரரசின் பாரசீக அமைச்சர் நிஜாமுல் முல்க் தம் 'சியாசத்நாமா'வில் ஓர் இயலையே இதற்கு ஒதுக்கினார். திரைக்குள் இருப்போர் அரசியலில் தலையிடலாகாது. அவர்கள் வெளியுலகைத் தம் கண்ணால் காணாமல் ஏவலர் சொல் கேட்டே ஆணையிடுவர் என்பது அவர் வாதம். திரைக்குள் வைப்பவரும் நீர். வெளியுலகம் அறியாள் என்று குறை சொல்பவரும் நீர்! இவ்வளவு வன்மையாக அவர் எழுதியதற்குக் காரணம் உண்டு. சுல்தான் மாலிக்ஷாவின் மனைவி தெர்கென் காத்தூன், கராகானியத் துருக்கிய அரசர்குலத்தில் பிறந்தவர்; தம் மகனுக்கே பட்டம் வேண்டும் என்று அமைச்சரோடு மோதியவர். 1092 அக்டோபரில் அமைச்சர் கொலையுண்டார். நவம்பரில் சுல்தான் இறந்தார். கைம்பெண்ணான தெர்கென், படைத்தலைவர்களுக்குப் பொன்னை வாரி வழங்கி, நான்கு வயதுச் சிறுவன் மஹ்மூதைச் சுல்தானாக்கினார். பாக்தாத் கலீபா, படையும் ஆட்சியும் பிறர் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே இதற்கு இசைந்தார். இரண்டாண்டுகளில் தெர்கென் மறைந்தார். அமைச்சரின் நூல் நிலைத்தது.

நூல் நிலைத்ததே தவிர வழக்கம் ஒழியவில்லை. நூறாண்டு கழித்து, குவாரிசம் பேரரசில் சுல்தான் முகம்மதின் தாய், இவரும் தெர்கென் காத்தூன் எனப்பட்டவர், தமக்கெனத் தனி அலுவலகமும் முத்திரையும் வைத்து ஆண்டார். தாயின் ஆணையும் மகனின் ஆணையும் ஒரே செய்தியில் முரண்பட்டு வந்தால், அலுவலர் இரண்டின் நாளை மட்டும் பார்ப்பராம். பிந்திய நாளிட்டதே செல்லும். 

ஒரு காதியின் வியப்பு

துருக்கியர் இசுலாத்தில் ஊன்றியபின்னும் பழைய வழக்கு எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்கு 1330களில் வோல்காக் கரைக்குச் சென்ற இப்னு பதூதா சான்று. மொராக்கோவில் பிறந்து, பின்னாளில் தில்லியில் காதியாக இருந்தவர். மதுரைச் சுல்தானின் அவைவரை வந்தவர். உஸ்பெக் கான், இசுலாத்தைத் தன் நாட்டில் நிலைநிறுத்திய அரசன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப்பின் அவன் பொற்கூடாரத்தில் அமர, வலப்பக்கம் இரு காத்தூன்களும் இடப்பக்கம் இரு காத்தூன்களும் அமர்ந்தனர். ஒவ்வொருத்தி வரும்போதும் அரசன் எழுந்து கைப்பிடித்து அழைத்தான். பட்டத்தரசி தாய்தூக்லி வந்தபோது வாயில்வரை சென்று வரவேற்று, அவள் அமர்ந்தபின்னரே தான் அமர்ந்தான். அனைத்தும் மக்கள் கண்முன், திரையின்றி.

கடைத்தெருவிலும் அவர் வியந்தார். வணிகர் மனைவியர் குதிரை பூட்டிய வண்டியில், சாளரம் திறந்தபடி முகம் மறைக்காமல் வந்தனர். ஆடும் பாலும் கொண்டுவந்து நறுமணப் பொருளுக்கு மாற்றிச் சென்றனர். கூட வந்த ஆட்டுத்தோல் சட்டைக்காரனைப் பார்ப்பவர் வேலைக்காரன் என்றே எண்ணுவர், அவன் கணவன். இவ்வளவும் எழுதிய அதே மனிதர் சில ஆண்டுகளில் மாலத்தீவில் காதியாக அமர்ந்து, அங்குள்ள பெண்களை மேலாடை அணியச் செய்ய முயன்று தோற்றார் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். துருக்கியப் பெண்டிரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இப்னு பத்லான், மின்ஹாஜ், இப்னு பதூதா போன்ற சட்டம் கற்ற ஆடவர்கள் எழுதியது. அவர்களுக்குப் புதுமையாகப் பட்டதையே எழுதினர். இருக்கையும் முகமும் புதுமை. பரிசக் கணக்கும் பங்குச் சண்டையும் எங்கும் உள்ளவை. இதனை மறந்து அவர்களைப் படித்தல் ஆகாது.

வழக்கமும் சட்டமும் ஒரு பெண்ணின் கையில் ஒன்றுகூடிய இடமும் உண்டு. அதனை அனதோலியாவில் கல்லாகவே காணலாம். கைசேரி நகரில் 1206இல் எழுந்த மருத்துவமனை இளவரசி கெவ்ஹெர் நெசிபேயின் பெயரால் ஆனது. திவ்ரிகியில் 1228–29இல் பள்ளிவாசலோடு ஒட்டிய மருத்துவமனையைக் கட்டுவித்தவர் துரான் மெலிக். சுல்தான் கைகுபாத் 1237இல் இறந்தார். அவர் மனைவியும் அடுத்த சுல்தானின் தாயுமான மாஹ்பெரி காத்தூன் 1238இல் கைசேரியில் பெரும்பள்ளிவாசலை முடித்தார். அதனோடு கல்விச்சாலையும் நீராட்டகமும் அவர் கல்லறையும் நிற்கின்றன. கைம்பெண்ணின் பொருள் குலத்துக்கே என்று தோரு நின்ற இடத்தில், அவள் பொருள் அவளுடையதே, அதனை வக்பு செய்யலாம் என்று மார்க்கம் கூறிற்று. தன் பெயரை ஊரறியக் கல்லில் வெட்டலாம் என்ற துணிவோ எல் பில்கே காத்தூன் காலத்துப் பழக்கம். நம்மிடையே வழங்கும் 'பேகம்' என்னும் மதிப்புச்சொல்லும் 'பெக்' என்ற துருக்கியத் தலைவன் பட்டத்தில் பிறந்ததே.

அடிமைப் பெண்ணுக்கு இக்கட்டடங்களில் இடமில்லை. ஆனால் அவளுக்கும் சட்டத்தில் ஒரு வாயில் இருந்தது: உரியவனுக்குப் பிள்ளை பெற்றவளை விற்றல் ஆகாது, அவன் இறந்தால் அவள் விடுதலை பெறுவாள். அவ்வாயில் வழியே வந்து, கணவன் இறந்தபின் 1250இல் எகிப்தை ஏறத்தாழ 80 நாள் தம் பெயரால் ஆண்டவர் ஷஜருத் துர்.

இனி, எல்லாச் சட்டமும் வந்தபின் புல்வெளிக் கைம்பெண்ணுக்கு நேர்ந்தது என்ன? மார்க்கம் தடுத்தது தந்தையின் மனைவியை. அண்ணன் மனைவியைத் தம்பி மணப்பதை அது தடுக்கவில்லை. அவள் இசைவு வேண்டும் என்றது, அவ்வளவே. அந்த இடைவெளியில் பழைய வழக்கம் நுழைந்து வாழ்ந்தது. கசாக்கியர் தொழுகையும் நோன்பும் ஏற்றபின்னும், பெண் கணவனை நீங்கினாலும் குலத்தை நீங்காள் என்றே கருதினர். கொழுந்தன் அவளைக் கொள்வதை 'அமெங்கெர்லிக்' என்றனர். மகளின் பங்கைச் சீரோடு முடித்துவிட்டனர். இசைவைக் கேட்டதாகப் பாவித்துக்கொண்டனர். 19ஆம் நூற்றாண்டில் இரசியப் பேரரசு அப்புல்வெளியை அடக்கியபின், இம்மணத்துக்கு உடன்படாத கைம்பெண்கள் சிலர் தம் குலத்து நடுவரை விட்டு, மொழி தெரியாத இரசிய அதிகாரிகளின் வாயிலில் மனுவோடு நின்றனர். பரிசத்தையும் அவ்வழக்கத்தையும் சட்டத்தால் விலக்கியது சோவியத் ஆட்சி, 1920களின் தொடக்கத்தில். ஓர்கோன் கரையில் எல் பில்கே காத்தூனைப் புகழ்ந்த கல்லை நட்டு அப்போது 1,200 ஆண்டு ஆகியிருக்கவில்லை. குறைந்தது பத்தாண்டு இருந்தது.